புத்தகப் பக்கத்துல ஸ்கூல் கதைக்கும் கொஞ்சம் எடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க புத்தகப் பக்கத்தை விடாம படிக்கிறவ நான். துப்பறியும் நாவல், சரித்திர நாவல், பேய்க்கதை எல்லாத்துக்கும் அதுல எடம் இருக்கு, ஆனா பொண்ணுங்க போர்டிங் ஸ்கூல் கதைன்னு பிரிட்டன்ல அம்பது அறுபது வருஷம் சக்கைப்போடு போட்ட ஒரு வகை இருக்கே, அதப் பத்தி ஒரு வரி கூட என் கண்ணுல பட்டதில்ல. போன வருஷம் நான் படிச்சதுல முக்காவாசி அதுதான். இந்த வயசுல ஸ்கூல் கதையான்னு வீட்ல ஒரே கிண்டல், அது கெடக்கட்டும்.

நம்ம ஆளுங்களுக்கு இந்த வகைன்னாலே எனிட் பிளைட்டன் தான், மாலரி டவர்ஸ், செயின்ட் கிளேர்ஸ், வார்டனுக்குத் தெரியாம நடுராத்திரி உக்காந்து திங்கிறது. ஆனா மாலரி டவர்ஸ் வந்ததே 1946ல. அதுக்கு 40 வருஷம் முன்னாடி, 1906லயே ஏஞ்சலா பிரேசில் ஃபிலிப்பா கதைய எழுதிட்டாங்க. அதுக்கு முந்தின கதைகள்ல உபதேசம் தான் தூக்கலா இருக்கும், இவங்க கதையில பிள்ளைங்க பிள்ளைங்க மாதிரியே பேசும், சண்டை போடும், ஹாக்கி ஆடும்.

இதையெல்லாம் வரிசையா படிச்சா ஒண்ணு பளிச்சுன்னு தெரியுது. அந்த உலகத்துல எல்லாத்தையும் நடத்துறது பொம்பளைங்க. ஹெட்மிஸ்ட்ரஸ், கணக்கு டீச்சர், மேட்ரன், கேம்ஸ் கேப்டன், எல்லாம் அவங்கதான், கல்யாணம் எப்போன்னு கேக்க ஒரு ஆளு கெடையாது. இது வெறும் கற்பனையும் இல்லீங்க, முதல் உலகப்போர் முடிஞ்சு 1921ல சென்சஸ் எடுத்தப்போ இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஆம்பளைங்கள விட பொம்பளைங்க 17 லட்சத்துக்கு மேல அதிகம், கல்யாணம் ஆனா டீச்சர் வேலைய விட்டுடணும்னு பல ஊர்ல ரூல் வேற, 1944 கல்விச் சட்டம் வந்துதான் அது ஒழிஞ்சுது. அதான் கதையில வர்ற டீச்சருங்க எல்லாம் மிஸ், மிஸ், மிஸ்.

எலினோர் பிரென்ட் டயரோட சாலே ஸ்கூல் வரிசைய எடுத்தா நேரம் போறதே தெரியாது. முதல் புக்கு 1925ல, கடைசி புக்கு அவங்க செத்த அப்புறம் 1970ல. கையில காசில்லாத மேட்ஜ், சீக்காளித் தங்கச்சி ஜோவக் கூட்டிட்டுப் போய் ஆஸ்திரியா மலையில ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கிறா (அண்ணன் டிக் நம்ம இந்தியாவுல ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்ல வேலை!). பின்னாடி ஜோவுக்கு 11 பிள்ளைங்க, நடுவுல நாவலும் எழுதித் தள்றா, அதெல்லாம் எப்படின்னு கேக்கக்கூடாது. ஆனா 1940ல வந்த எக்ஸைல் புக்கு இருக்கு பாருங்க, அது வேற ரகம். ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள்ள நுழைஞ்சாச்சு, கடைத்தெருவுல வயசான யூத நகைக்கடைக்காரர ஒரு கும்பல் தொரத்துது, ஸ்கூல் பொண்ணுங்க குறுக்க போய் நிக்கிறாங்க, அப்புறம் சர்ச்சுக்குள்ள ஓடி சுரங்க வழியா தப்பிக்கிறாங்க, கூட இருந்த டீச்சருக்கு அந்த பயத்துலயே தலை முடி நரைச்சுப் போவுது. போர் நடந்துட்டிருக்கும்போதே சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதினது இது. கதையில ஸ்கூல் தப்பிச்சுப் போறது கெர்ன்சி தீவுக்கு, பாவம், அதே 1940 ஜூன்ல ஜெர்மன்காரன் அந்தத் தீவையும் புடிச்சிட்டான், அடுத்த புக்குல திரும்ப மூட்டை கட்டி வேல்ஸ் பக்கம் போக வேண்டியதாப் போச்சு.

குறையே இல்லன்னு சொல்லல. பணக்காரத் திமிரு நெறைய, ஃபிரெஞ்சு டீச்சர்னா கேலி, வெள்ளக்காரன் ஆட்சி நல்லதுங்கற நெனப்பு எல்லாத்துலயும் அடியில ஓடுது, நமக்கு சுருக்குன்னு தைக்கும். பிளைட்டன் கதையில டாரல் கோவத்துல குவெண்டலின அறைஞ்சா அது நல்ல பொண்ணு செஞ்ச சின்னத் தப்பு, குவெண்டலின் அழுதா மட்டும் அது கேவலம், இந்த ஓரவஞ்சன எனக்கு இன்னும் எரிச்சல் தான். அந்த வகையில ஆண்டோனியா ஃபாரஸ்ட் ரொம்ப ஒசத்தி. 1948ல வந்த ஆட்டம் டெர்ம் (Autumn Term) கதையில, நிக்கோலாவோட புது பேனாக்கத்தி ஓடுற ரயில்லேந்து ஜன்னல் வழியா வெளிய விழுந்துடும், அவ ஒரு நிமிஷம் யோசிக்காம செயின இழுத்து ரயிலயே நிப்பாட்டிடுவா, ஸ்கூலுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே பேர் கெட்டாச்சு!

பெரியவங்களுக்கு எழுதின ஸ்கூல் கதையும் நடுவுல ஒண்ணு ரெண்டு படிச்சேன். 1933ல வந்த ஃப்ராஸ்ட் இன் மே தான் மனசுல நிக்குது, கான்வென்ட்ல படிக்கிற நந்தா ஒரு நாவல் எழுதுறா, கெட்டவங்க எல்லாம் கடைசில திருந்துற மாதிரி முடிக்கத்தான் ப்ளான், ஆனா கெட்டவங்க வர்ற பாகத்தோட நோட்டு சிஸ்டருங்க கையில மாட்டிக்கிச்சு, அவ்ளோதான், ஸ்கூல விட்டே போயிட்டா. மாலரி டவர்ஸ் படிச்ச கையோட இதப் படிச்சா ரெண்டு நாளைக்கு சோறு எறங்காது.

அதனால சார், லீவு விடுறதுக்குள்ள ஒரு வாரமாவது இதப் பத்தி யாரையாவது எழுதச் சொல்லுங்க, பிளைட்டனோட நிறுத்திக்காம. சாலே ஸ்கூல் வாங்குறவங்க 1967லேந்து வந்த ஆர்மடா பேப்பர்பேக்க பாத்து வாங்கணும்னும் போடுங்க, பல கதைய அதுல வெட்டிச் சுருக்கிட்டாங்க. காசு செலவு பண்ண யோசிக்கிறவங்களுக்கு ஏஞ்சலா பிரேசில் புக்கு பலது குட்டன்பர்க்ங்கற இன்டர்நெட் நூலகத்துல ஓசிலயே கெடைக்குது, ஸ்காலர்ஷிப்ல சேர்ந்து கேம்ஸ் கேப்டன் ஆகுற வினோனா கதையிலேந்து ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
உங்க ரெகுலர் வாசகி,
தஞ்சாவூர்