‘டியூப் டெஸ்ட்’ எழுதிக் கொடுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். கல்யாணமாகி நாலாவது வருஷம், குழந்தை இல்லை என்று போனபோது, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து ஏற்றி எக்ஸ்ரேயில் பார்க்கும் டியூப் டெஸ்ட் எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்பதே எக்ஸ்ரே மேசையில் படுத்த பிறகுதான் தெரிந்தது. மருந்து உள்ளே ஏற ஏற அடிவயிறு முறுக்கிப் பிடித்தது. “இதுக்கே கத்தினா பிரசவத்தை எப்படிம்மா தாங்குவே?” என்றார் அங்கிருந்த ஒருவர். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

‘வலது பக்கம் அடைப்பு’ என்று ரிப்போர்ட் வந்தது. குழாய் தொடங்கும் இடத்தில் தசை இறுகிக்கொண்டாலும் படத்தில் அடைப்பு போலவே தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தபோது, கருப்பை வழியே செலுத்திய நீலச் சாயம் இரண்டு பக்கமும் தாராளமாக வழிந்தது. அந்த எட்டு மாதமும் வீட்டில் நான் கேட்ட பேச்சை இங்கே எழுத மனம் வரவில்லை.

இதே சோதனையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் செய்யலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. சாதாரண ஸ்கேனில் நல்ல கருக்குழாய் கண்ணுக்குப் படாது. மெல்லிய குழல் வழியே காற்றுக்குமிழி கலந்த உப்புநீரையோ நுரையையோ கருப்பைக்குள் செலுத்தினால், அது வெள்ளையாக மின்னியபடி கருக்குழாயில் ஓடிச் சினைப்பை அருகே சிந்துவதைத் திரையில் பார்க்கலாம். கதிர்வீச்சு இல்லை, எக்ஸ்ரேக்கு ஏற்றும் அயோடின் மருந்தும் இல்லை. கருப்பைக் கட்டி, சினைப்பை எல்லாம் அதே அமர்வில் பார்த்துவிடலாம்.

நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தை பெற்றவர்களின் விகிதம் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நுரைச் சோதனையில் வலி குறைவு. தேர்ந்த கை இருக்கும் இடத்தில் எக்ஸ்ரேக்கு மாற்றாக ஸ்கேன் சோதனையைக் கருதலாம் என்று சிகிச்சை முறைகளுக்கு நெறி வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் 2013-லேயே சொல்லிவிட்டது.

ஸ்கேனிலும் தசை இறுகலாம், பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தே முடிவும் அமையும். காசநோயால் கருக்குழாய் கெடுவது நம் நாட்டில் அதிகம். அந்தச் சந்தேகம் இருந்தால் குழாயின் முழு வடிவம் தெரிய எக்ஸ்ரே படமே வேண்டியிருக்கும். அதை மறுக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். சீட்டு எழுதும் முன் இரண்டு வழியும் உண்டு என்று சொல்லுங்கள். எதைச் செய்தாலும் வலி மாத்திரையை முன்கூட்டியே கொடுங்கள். ஒரே படத்தை வைத்து ‘அடைப்பு’ என்று முடித்துவிடாதீர்கள். கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்ததா என்பதையும் முதலில் கேளுங்கள். என் கணவரிடம் அதை யாருமே கேட்கவில்லை.

இப்படிக்கு,
அந்த மேசையில் படுத்திருந்த ஒருத்தி