பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு பன்னிரண்டு லட்சம்

ஊர் ஊராக ராணுவப் பயிற்சி மையம் நடத்தும் முன்னாள் படைவீரர்களுக்கு,

வணக்கம். நானும் நம்ம கூட்டத்து ஆள்தான். 1994இல் ராணுவ ஆள்சேர்ப்பு ரேலியில் தேர்வாகி, ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கிற ஈ.எம்.இ. பிரிவின் செகந்திராபாத் சென்டரில் தொழில் படித்து, 24 வருடம் லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, 2018இல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தவன். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போன மாதம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரே முளைத்த ஒரு ஃபிளெக்ஸ் போர்டுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

போர்டில் ஒரு பீரங்கி, ஒரு தேசியக் கொடி, பழைய யூனிஃபார்மில் மாஸ்டரின் படம். நடுவில் மஞ்சள் எழுத்தில் “பத்தாவது போதும்! 4 வருடத்தில் 12 லட்சம்!” அதற்குக் கீழே ஒரு அப்பாவும் மகனும் நின்றிருந்தார்கள். அப்பா விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். பையன் போர்டைப் பார்க்கவே இல்லை, போனில் இருந்தான்.

அந்த அப்பா எண்ணிய கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். அக்னிவீரன் என்றால் அக்னிபத் திட்டத்தில் நாலு வருடத்துக்கு மட்டும் ராணுவத்தில் சேர்கிற பையன். அவனுக்கு முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000. கைக்கு வருவது 21,000. மீதி 9,000, நாலு வருட முடிவில் மொத்தமாகக் கொடுக்கிற சேவா நிதிக்குப் போய்விடுகிறது. அடுத்தடுத்த வருடங்களில் 33,000, 36,500, 40,000. எல்லாவற்றிலும் முப்பது சதவீதம் பிடித்தம். நாலு வருடத்தில் பையனிடமிருந்து பிடித்தது 5.02 லட்சம். அதே அளவு அரசும் போடுகிறது. இரண்டும் சேர்ந்து 10.04 லட்சம், வட்டியோடு 11.71 லட்சம் என்று 2022 ஜூனில் திட்டத்தை அறிவித்தபோது சொன்னார்கள். வரி கிடையாது. 11.71 எப்படி 12 ஆனது என்று நான் கேட்கப்போவதில்லை, வியாபாரத்தில் அது சகஜம். ஆனால் பாதிப் பணம் பையனுடைய சொந்தச் சம்பளம். அரசு பங்கை 48 மாதத்துக்கு வகுத்தால் மாதம் பத்தாயிரத்து நானூற்றுச் சொச்சம் வரும். இதை அப்படியே போர்டில் எழுதினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், எனக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாலு வருட முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுக்கப்பட்ட பையனுக்கு அரசு போட்ட பங்கு கிடைக்காது. அவன் கட்டியதும் அதற்கான வட்டியும்தான். நடுவில் தானாக விலகினாலும் இதே கதை. அப்படியென்றால் போர்டில் இருக்கும் முழுத்தொகை யாருக்கு? வீட்டுக்கு அனுப்பப்படுகிறவனுக்கு. சேர வா என்று நாம் காட்டுகிற பணம், உண்மையில் கிளம்பு என்று சொல்லிக் கொடுக்கிற பணம். நிரந்தரமாக வேண்டும் என்று கனவு காண்கிற பையனுக்கும் இதே தொகையைக் காட்டித்தான் கட்டணம் வாங்குகிறோம்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் தங்கை மகன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தவன். பிளஸ் டூவில் 68 சதவீதம். டெக்னிக்கல் பிரிவுக்கு மொத்தத்தில் 50, ஒவ்வொரு பாடத்திலும் 40 இருந்தால் போதும். தாராளமாகத் தகுதி இருந்தது. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு என் மனைவியிடம் திட்டு வாங்குகிற ரகம். அவன் சேர்ந்திருந்த மையத்தின் மாஸ்டர் (பெயர் வேண்டாம், அவரும் நம்மைப்போல ஒரு பென்ஷன்காரர்தான்) ஒரே வரியில் முடித்துவிட்டார்: “டெக்னிக்கல்ல சீட்டு கம்மிடா, ஜிடி போடு. காசு ரெண்டுக்கும் ஒண்ணுதானே?” பிரவுசிங் சென்டரில் வரிசை நீளமாக இருந்ததாம். அங்கே உட்கார்ந்திருந்த பையன் ஜிடி, அதாவது ஜெனரல் டூட்டி (தனித் தொழில் எதுவும் இல்லாத பொதுச் சிப்பாய் வேலை) என்று அழுத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எழுப்பவில்லையாம்.

அவன் நன்றாகத்தான் இருக்கிறான். பயிற்சியில் நல்ல பெயர். ஆனால் போன தீபாவளிக்கு வந்தபோது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பம்பைச் சரி செய்துகொண்டே கேட்டான்: “மாமா, வெளிய வந்தா நான் யாரு?” ஜெனரல் டூட்டியை அவன் குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் பயோடேட்டாவில் என்ன எழுதுவது என்றுதான் கேட்டான். கீழே என் தங்கை, அவனுடைய நாலாம் வருடத்துப் பணத்தை நம்பி, வீட்டுக்கு மேல்தளம் போட நகையை அடகு வைத்திருந்தாள். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கும் அன்றுதான் தெரியும்.

“காசு ரெண்டுக்கும் ஒண்ணுதானே” என்ற அந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. வரி சரிதான். ஜிடியோ, டெக்னிக்கலோ, கிளார்க்கோ, டிரேட்ஸ்மேனோ, எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஒரே சேவா நிதி. மாஸ்டர் அதிலிருந்து போன முடிவுதான் தலைகீழ். எல்லாப் பக்கமும் காசு ஒன்று என்றால், காசை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பையனுக்கு எந்த ட்ரேடு, அதாவது எந்தத் தொழில் பிரிவு, பொருந்தும் என்று மட்டும்தானே பார்க்க வேண்டும்? நாலு வருடம் கழித்து இருவரும் ஒரே தொகையோடுதான் ரயிலேறுவார்கள். ஒருவன் கையில் தொழில் இருக்கும், இன்னொருவன் கையில் இருக்காது.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அங்கே ஆள் கிடைக்காத ட்ரேடுக்கு அதிக போனஸ், 50,000 டாலர் வரை போகும். பணத்தைப் பார்த்துத் தனக்கு ஒத்துவராத வேலையை எடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் அங்கே உண்டு. ஒப்பந்தக் காலத்தை முடிக்காமல் போனால் மிச்சக் காலத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். கலிபோர்னியா தேசியக் காவல் படையில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்காலத்தில் கொடுத்த போனஸை, தகுதியில்லாமல் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி வருடக்கணக்கில் கழித்துச் சுமார் பத்தாயிரம் பேரிடம் திருப்பிக் கேட்டார்கள். 2016இல் பத்திரிகையில் வந்து நாறிய பிறகுதான் அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சர் வசூலை நிறுத்தச் சொன்னார். நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. ட்ரேடுக்கு ட்ரேடு காசு மாறாததால் பையனைத் தவறான பக்கம் இழுக்க எதுவுமே இல்லை. இருந்தும் தவறான கட்டத்தில் டிக் விழுகிறது என்றால் அதற்கு நம் சோம்பேறித்தனம்தான் காரணம்.

என் கதை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். 1994 ரேலியில் ஓட்டம், மெடிக்கல் எல்லாம் முடிந்து மேஜை முன்னால் நின்றபோது, ஒரு வயதான சுபேதார் சாப் என் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார். “மேத்ஸ் நல்லாருக்கே. வண்டி பிடிக்குமா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. பிடிக்கும் சாப் என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்த தொழிலில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். அவர் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது.

அன்றைக்கு எனக்கு முன்னால் வரிசையில் நின்றவன் இன்ஃபன்ட்ரிக்குப் போனான். என்னைவிட நல்ல சிப்பாய், அதில் சந்தேகமே இல்லை. அவனுக்கு அந்த வாழ்க்கை அப்படிப் பொருந்தியது. பேட்ரோல் போய் வந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பென்ஷன் வந்த பிறகு ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் “ஜாலியா இருக்குடா” என்கிறான். பொய்யில்லை, மாதா மாதம் பென்ஷன் வருகிறது, செக்யூரிட்டி சம்பளம் அதற்கு மேல் வருமானம். கேண்டீன் கார்டு உண்டு, உடம்புக்கு வந்தால் இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டம் உண்டு. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒரு சிப்பாய் என்று பெயரெடுத்த ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற தாத்தாக்களுக்கும் அதே பென்ஷன்தான் பலம்.

நாலு வருடத்தில் திரும்பி வருகிற பையனுக்கு இதில் எதுவும் கிடையாது. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, கேண்டீன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அட்டையும் இல்லை. அந்த 11.71 லட்சத்தை ஒரு பைசா தொடாமல் ஏழு சதவீத வட்டிக்கு டெபாசிட் போட்டாலும் மாதம் 6,800 ரூபாய் வரும். எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பக்கம் நிற்கிற பையன் அதைவிட அதிகம் வாங்குகிறான். ஆகவே நம் காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு, “எதுல சேர்ந்தா என்னடா, மிலிட்டரி மிலிட்டரிதான்” என்று இந்தத் தலைமுறையிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நமக்குத் தவறான ட்ரேடு விழுந்திருந்தாலும் பென்ஷன் தாங்கிப் பிடித்திருக்கும்.

மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் ஒதுக்கீடு என்று அறிவித்திருக்கிறார்களே என்பீர்கள். நல்லதுதான். அந்த வேலை பிடித்த பையனுக்கு நல்லது. பம்பைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு அது மறுபடியும் அதே கேள்விதான்.

ஜிடிக்கு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கரை மைதானத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு, 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்துவிட்டு, மூச்சு வாங்காமல் ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்டிவிட்டுச் சிரிக்கிற பையன்களை நானும் பார்க்கிறேன். என் நண்பனைப்போலச் சிலர் அதற்கென்றே பிறந்திருப்பார்கள். அவர்களை நிறுத்த நான் யார்? ஆனால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே: அந்த 25 சதவீதத்தில் வராமல் போனால் என்னடா செய்வாய்? பத்தாவதோடு போகிறவனுக்குப் பணியில் இருக்கும்போதே திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாவது சான்றிதழ் கிடைக்க வழி இருக்கிறது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் உண்டு, பாதி கிரெடிட் அவன் வாங்கும் பயிற்சியிலிருந்தே வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். மீதிப் பாதியை அவன்தான் படிக்க வேண்டும். வருடத்துக்கு 30 நாள் லீவு. யூனிட்டில் விளக்கணைத்த பிறகு யார் படிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான் போவதற்கு முன்பே அவன் மண்டையில் ஏற்ற வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. புல்-அப்ஸ் பத்து எடுக்க வைக்க மூன்று மாதம் உயிரை விடுகிறோம். விண்ணப்பத்தில் பிரிவு தேர்வு செய்வதற்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. 2025இலிருந்து ஒரு பையன் இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள், தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்றார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவனுக்கு டெக்னிக்கலில் கூடுதல் மதிப்பெண் இருக்கிறது. இங்கிலீஷைப் பார்த்துப் பயந்து ஜிடி போட்ட காலம் போய்விட்டது. பிரவுசிங் சென்டருக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் பையனையும் அப்பாவையும் ஒன்றாக உட்கார வையுங்கள். மார்க் ஷீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். வீட்டில் எதைப் பிரித்துப் போடுவான், எதற்கு அடி வாங்குவான் என்று அம்மாவிடம் போன் போட்டுக் கேளுங்கள், அம்மாவுக்குத்தான் தெரியும். நாலு வருடம் கல்யாணம் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பொண்ணு வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். பணத்தைப் பற்றிப் பேசும்போது எது அவன் காசு, எது அரசு காசு, எந்த நிலையில் எது கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதி அப்பா கையில் கொடுங்கள். என் தங்கைக்கு அப்படி ஒரு தாளை யாராவது கொடுத்திருந்தால் அந்த நகை இன்னும் பீரோவில் இருந்திருக்கும்.

அப்புறம் அந்த போர்டு. பீரங்கி இருக்கட்டும், மாஸ்டர் படமும் இருக்கட்டும். பன்னிரண்டு லட்சத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் போன வருடம் உங்கள் மையத்திலிருந்து எத்தனை பேர் எந்தெந்தப் பிரிவில் சேர்ந்தார்கள் என்று போடுங்களேன். கூட்டம் குறையும் என்று தோன்றினால், ஒரு ரேலிக்கு மட்டும் முயன்று பாருங்கள்.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் விண்ணப்பம் நிரப்பும் வாரத்தில் என்னைக் கூப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் கிடையாது. மார்க் ஷீட் பார்க்கிற வேலையை நான் செய்கிறேன். காசெல்லாம் வேண்டாம். டீ மட்டும் சர்க்கரை இல்லாமல்.

இப்படிக்கு,
ஒரு பழைய வண்டி மெக்கானிக்