வீட்டில் பிள்ளை பெறுவது எங்கள் பழக்கம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்துப் பிரசவங்கள் பற்றிப் போன வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். அகதி முகாம் பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெறப் பழகியவர்கள் என்று அதில் ஒரு வரி. யார் சொன்னது இதை? மண்டபம் முகாமுக்கு வந்து ஒரு தாயிடமாவது கேட்டிருக்கலாம்.

நான் இலங்கையின் மன்னார் தீவில் உள்ள பேசாலையில் பிறந்தவள். மன்னாரில் நாங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற்றோம். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் மருத்துவமாது வீடு தேடி வருவா. 1990இல் சண்டை மறுபடி தொடங்கி, படகேறி இந்தக் கரைக்கு வந்ததோடு அதெல்லாம் போயிற்று.

சரி, 2020 மே மாதத்துக்கு வருகிறேன். ஊரடங்கு. மகளுக்குத் தலைப்பிரசவம். இரவு பதினொரு மணிக்கு வலி கண்டது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ராமநாதபுரமோ 35 கிலோமீட்டருக்கு மேல். கடைசியில் மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஒன்று கிடைத்தது. ஐஸ் தண்ணீர் காயாத தட்டில் சாக்கை விரித்து அவளை உட்கார வைத்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் என் கையை இறுக்கியதில் நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது.

போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, ஆதார் இருக்கிறதா? அகதி அட்டையை நீட்டினேன். "கேம்ப்பா? நெருக்கமா இருக்கிறவங்க, தள்ளி நில்லுங்க" என்றார் அங்கிருந்தவர். பத்துக்குப் பத்து அறையில் நெருங்கிக் கிடக்க நாங்களா ஆசைப்பட்டோம்? வராந்தாவில் பனிக்குடம் உடைந்து சேலை நனைந்த பிறகுதான் உள்ளே எடுத்தார்கள்.

பேத்தி நலமாகப் பிறந்தாள். ஆனால் எங்கள் கதையைக் கேட்ட அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி, "எனக்கு அந்த வராந்தா வேண்டாம் அக்கா" என்று சொல்லி மறுமாதம் வீட்டிலேயே பெற்றாள். அந்தப் பயத்தைத்தான் நீங்கள் பழக்கம் என்று அச்சடித்துவிட்டீர்கள்.

2021இல் அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு நன்றி. என் மகள் இந்த மண்ணில் பிறந்தவள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்ததால், பெற்றோர் இருவரும் அகதிகளாக இருப்பதால், குடியுரிமை கிடையாது. 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் சலுகை தரும் நாடுகளிலும் இலங்கை இல்லை. உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? இருபது வருடமாக உங்கள் இதழை வாசிக்கிறவள் என்பதால்தான் இவ்வளவு மனவருத்தம்.

அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் போடுங்கள். அப்புறம், பிரசவத்துக்கு வருகிறவர்களிடம் அகதி அட்டையே போதும் என்று எழுதி, ஆஸ்பத்திரிகளில் சீட்டுப் பதிகிற ஜன்னலுக்கு மேலே ஒட்டும்படி சுகாதாரத் துறைக்கு உங்கள் இதழ் மூலம் சொல்லுங்கள். ஒரு தாள்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம் முகாம்