மிளகு ஏணியிலிருந்து விழுந்த எஸ்டேட் தொழிலாளிக்காக நிர்வாகத்தின் காப்பீட்டு ஆவணத்தை வரவழைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காயமடைந்த தொழிலாளியின் மகள்,
லைன் வீடு (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு), நாகலூர் சாலை, ஏற்காடு.

பெறுநர்:
ஊழியர் இழப்பீட்டு ஆணையர் அவர்கள்,
சேலம்.

நாள்: 14.07.2025

பொருள்: ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923 – பணியின்போது ஏற்பட்ட காயம் – எஸ்டேட் நிர்வாகம் எடுத்திருப்பதாகச் சொல்லும் காப்பீட்டுப் பாலிசியைத் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த முந்தைய மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறு பதில் வராததால், மீண்டும் தங்களது மேலான கவனத்துக்கு இதனைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். எஸ்டேட், காண்டிராக்டர், எங்கள் குடும்பத்தார் ஆகியோரின் பெயர்களைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

1. 21.02.2024 அன்று காலை, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியில் காய் பறித்துக்கொண்டிருந்த என் தந்தை, மூங்கில் ஏணியின் கணு ஒடிந்து கல் வரப்பின் மீது விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எஸ்டேட் ஜீப்பில்தான் மலையிலிருந்து கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைய செக்ரோலில் (ஆட்களின் வருகைப் பதிவேட்டில்) அவர் பெயருக்கு நேரே முதலில் ஒரு நாள் என்று எழுதி, பிறகு அதை அடித்து அரை நாள் என்று திருத்தியிருக்கிறார்கள்; விழுந்தது பத்தரை மணிக்கு என்பதால் அரைக் கூலி. இந்தக் கணக்கு எங்களுக்கு வலித்தாலும், அன்று அவர் பணியில் இருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்துள்ளேன்.

2. நிர்வாகம் விபத்தை மறுக்கவில்லை. "பாலிசி இருக்கிறது, கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்" என்றே சொல்லி வருகிறது. நகல் கேட்டால் அது பெங்களூரில் முதலாளியிடம் இருக்கிறது என்கிறார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர். மிளகுப் பறிப்பைக் குத்தகைக்கு விட்டதால் காண்டிராக்டரைக் கேளுங்கள் என்கிறார் மேனேஜர். எஸ்டேட் பாலிசியிலேயே தன் ஆட்களும் சேர்த்தி என்கிறார் காண்டிராக்டர். வேலையைக் குத்தகைக்கு விட்டாலும் இழப்பீட்டை முதன்மை முதலாளியிடமே கேட்கலாம் என்று சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்லும்போது, இந்த அலைக்கழிப்பு எதற்கு?

3. பாலிசி இருக்கிறது என்பது வேறு, அது என் தந்தைக்குப் பொருந்துகிறது என்பது வேறு. விபத்து நாளில் அது நடப்பில் இருந்ததா, அல்லது பிறகு எடுத்ததா? எத்தனை ஆட்களுக்கு, எவ்வளவு கூலி காட்டிப் பிரீமியம் கட்டினார்கள்? நிரந்தர ஆட்களை மட்டும் காட்டியிருந்தால் குத்தகைப் பறிப்பாளர்கள் கணக்கில் வருவார்களா? சிகிச்சைச் செலவு அதில் அடங்குமா? காகிதத்தைப் பார்க்காமல் இவற்றில் ஒன்றுக்கும் விடை கிடையாது. ஆனால் ஆய்வுக்கு வந்த அலுவலர், "பாலிசி உள்ளதாக நிர்வாகம் தெரிவித்தது" என்ற ஒற்றை வரியோடு என் மனுவை முடித்துவிட்டார். முதலாளி வாய்மொழியாகச் சொன்னதே சான்றாகிவிடுமானால் ஆய்வு என்று ஒன்று எதற்கு ஐயா?

4. எங்களை மிகவும் வதைப்பது கீழே போய்வரும் பயணம். எஸ்டேட்டுக்குள் இருக்கும் மண் சாலையில் மழை பெய்தால் ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இப்போது எஸ்டேட் ஜீப்பும் எங்களுக்கு இல்லை. லைன் வீட்டிலிருந்து தார்ச் சாலை வரை, என் தாயாரின் பழைய புடவையை இரண்டாக மடித்து மூங்கிலில் கட்டி, நான்கு பேர் காபிச் செடிகளுக்கு நடுவே அவரைத் தூக்கி வருகிறார்கள். அந்த நால்வருக்கும் அன்றைய கூலி போகிறது. இடுப்பில் பிளேட் வைத்திருப்பதால் அவரால் நேராக உட்கார முடியாது. ஆகவே பஸ் உதவாது, வாடகை வண்டி வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி திரும்பும் ஒவ்வொரு முறையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடிக்கும் பிடியில் என் மணிக்கட்டு கன்றிப் போகிறது. அடிவாரம் வந்ததும் தண்ணீர் கேட்பார். சிறுநீர் வந்துவிடுமோ என்று பயந்து ஒரு வாய்க்கு மேல் குடிக்க மாட்டார். எக்ஸ்ரே எடுத்து டாக்டரைப் பார்த்து முடிவதற்குள் மாலையாகிவிடும், மீண்டும் அதே வளைவுகள். வண்டி வாடகைக்காக என் தாயாரின் தோடு அஸ்தம்பட்டியில் அடகில் இருக்கிறது. சிகிச்சைக்கு ஆன செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று இச்சட்டத்தின் 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. எங்களுக்கு ஒரு மாத்திரைக்குக் கூடப் பணம் வரவில்லை.

5. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) உண்டா என்று கேட்கிறார்கள். கூலியில் ஒரு பைசா பிடித்ததும் இல்லை, எண் கொடுத்ததும் இல்லை.

6. அவருடைய மாதக் கூலி ரூ.12,000 அளவில் இருந்தது. தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25 விழுக்காடு, அதாவது ரூ.3,000 வந்திருக்க வேண்டும். உரிய தொகையை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணம் இல்லையென்றால் 50 விழுக்காடு வரை அபராதமும் உண்டு என்கிறது 4A பிரிவு. இழப்பீட்டு உரிமையை வேலைக்குச் சேர்க்கும்போதே தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2017-இல் சேர்த்த 17A பிரிவு சொல்கிறது. எங்கள் லைனில் யாருக்கும் அப்படி ஒரு தாள் வந்ததாக நினைவில்லை. நாங்கள் கேட்பது தயவு அல்ல.

7. வழக்காகத் தாக்கல் செய் என்று தாங்கள் சொல்லலாம். செய்வோம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க அதன் பெயரும் பாலிசி எண்ணும் வேண்டாமா? எஸ்டேட் கை மாறப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். அந்தக் கெடு வரும் பிப்ரவரியில் முடிகிறது. அதுவரை இழுத்தடித்தால் போதும் என்று நிர்வாகம் கணக்குப் போடுகிறது என்றே நான் கருதுகிறேன். அதற்கு அரசு அலுவலகமும் துணைபோக வேண்டுமா ஐயா?

ஆகவே, விபத்து நாளில் நடப்பில் இருந்த பாலிசியை அதன் அட்டவணை, ஆட்கள் எண்ணிக்கை, காட்டிய கூலி, பிரீமியம் ரசீது ஆகியவற்றுடன் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் தாக்கல் செய்யுமாறு நிர்வாகத்துக்கு உத்தரவிடவும், பாலிசி இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் வாங்கித் தரவும், இவ்விபத்து குறித்த அறிக்கை தங்கள் அலுவலகத்துக்கு வந்ததா என்பதைத் தெரிவிக்கவும் மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். பாலிசி நகல் வேண்டும் ஐயா. இருப்பதாகச் சொன்னார்கள் என்ற பதில் இனி வேண்டாம். இம்முறை பதிலைத் தேதியிட்டு எழுத்தில் தந்து உதவுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்