சின்னவளுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா?

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள், உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அலமாரியில் இருக்கும் ‘டுவைலைட்’ நாவலை உன் சித்தி மகள் கேட்கிறாள் என்றும், உயர்நிலை ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது ஏற்றதுதானா என்று படித்துப் பார்த்துச் சொல்லும்படியும் நீ கேட்டிருந்தாய். ஏறத்தாழ ஐந்நூறு பக்கமுள்ள அந்தப் புத்தகத்தை முழுவதும் படித்து முடித்துவிட்டேன். கொடுக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் மனம் ஒப்பிக் கொடுக்கும் இடமும் மனம் உறுத்தும் இடமும் அதில் பின்னிக் கிடப்பதால், தொலைபேசியில் இரண்டு சொல்லில் சொல்லிவிட முடியவில்லை. தவிர, இதில் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது.

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன். 2008இல் திரைப்படம் வந்த சமயத்தில் என் வகுப்பு மாணவிகள் பலர் இந்த நாவலை மேசைக்கு அடியில் வைத்துப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி என்னதான் இருக்கிறது என்பது இப்போதுதான் விளங்குகிறது. பெல்லா என்ற பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, வெயில் காயும் ஃபீனிக்ஸ் நகரை விட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் எப்போதும் மழை தூறும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு, தந்தையோடு வாழ வருகிறாள். புதிய பள்ளியில் எல்லாக் கண்களும் தன் மேல் விழுவதும், தட்டை ஏந்திக்கொண்டு உணவுக்கூடத்தில் எங்கே உட்காருவது என்று தயங்குவதும், ஒருவனுடைய ஒரு பார்வைக்குப் பொருள் தேடி ஒரு நாள் முழுவதும் வீணாவதும் அவள் குரலிலேயே சொல்லப்படுகின்றன. அந்த வயதின் காதலைப் பெரியவர்கள் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடுவோம். இதை எழுதிய ஸ்டெஃபனி மேயர் ஒதுக்கவில்லை. அந்தப் பெண்ணின் தவிப்பை ஒரு வரியில்கூடக் கேலி செய்யவில்லை. 2005இல் தொடங்கிய இந்த வரிசை பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதற்கு அவள் காதலிக்கும் ரத்தக்காட்டேரியான எட்வர்டைக் காட்டிலும் இந்த மதிப்பே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த ரத்தக்காட்டேரியிடமும் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. 1918இல் சிகாகோ நகரில் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்த எட்வர்டை, ரத்தக்காட்டேரியான ஒரு மருத்துவர் தம்மைப் போல் மாற்றிவிடுகிறார். அந்த மருத்துவரின் குடும்பம் மனித ரத்தத்தைத் தொடாமல் விலங்குகளை மட்டுமே வேட்டையாடி வாழ்கிறது. பெல்லாவின் ரத்த வாசனை அவனை எல்லாரையும்விட அதிகமாக இழுக்கிறது; அவன் தன்னை அடக்குகிறான். நம் வட்டாரத்துப் பேய்க்கதைகளை எண்ணிப் பார். பி. என். ராவ் 1957இல் சிங்கப்பூரில் எடுத்த ‘பொந்தியானாக்’ படத்தைப் பற்றி உன் பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கதைகளில் மனிதர்கள்தான் பேய்க்கு அஞ்சி நடுங்குவார்கள். இங்கே பேயே தன்னைக் கண்டு அஞ்சுகிறது, தன் ஆசையால் அவளுக்குத் தீங்கு நேருமோ என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் பார்க்கிறது. ஆசைப்பட்டதை அடைந்தே தீருவதுதான் வீரம் என்று கதாநாயகர்கள் பாடி ஆடிய படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஆசையை அடக்குவதையே காதலின் அளவுகோலாக வைத்த ஒரு நாயகனைக் கண்டபோது மதிப்பு வந்தது.

ஆனால் நான் மிகவும் ஒன்றிப்போனது அவனோடு அன்று, பெல்லாவின் தந்தை சார்லியோடு. ஊர்க் காவல்துறைத் தலைவர். மனைவி பிரிந்துபோன வீட்டில் பல ஆண்டுகள் தனியாக வாழ்ந்தவர். மகளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவர். தொடக்கத்திலேயே ஒரு காலைப் பொழுது வருகிறது. இரவு பெய்த மழை பனிக்கட்டியாக உறைந்து தெருவெல்லாம் வழுக்குகிறது. பெல்லா தன் பழைய வண்டியை எப்படியோ பத்திரமாக ஓட்டிப் பள்ளிக்கு வந்துவிடுகிறாள். இறங்கிப் பின்பக்கம் சென்று பார்க்கும்போதுதான் சக்கரங்களைச் சுற்றிக் சறுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பனிச்சங்கிலி பூட்டியிருப்பது தெரிகிறது. விடியுமுன் எந்நேரத்தில் எழுந்து அப்பா இதைச் செய்தாரோ என்று நினைத்ததும் அவளுக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த கணமே ஒரு வேன் சறுக்கிக்கொண்டு அவள் மேல் பாய, எட்வர்ட் அதை வெறும் கையால் தடுத்துவிடுகிறான். வாசகர்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். உன் பிரதியில்கூட அந்த வேன் வரும் பக்கத்தில்தான் பென்சில் கோடு இருக்கிறது, சங்கிலி வரும் பக்கத்தில் இல்லை. பதின்மூன்று வயதில் அப்படித்தான் இருக்கும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பிற்பகுதியில், தன்னை வேட்டையாட வரும் வேறொரு ரத்தக்காட்டேரியிடமிருந்து அப்பாவைக் காப்பாற்றுவதற்காக, முன்பு அம்மா அவரை விட்டுப் போனபோது சொன்ன அதே சொற்களை வேண்டுமென்றே அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வீட்டை விட்டு ஓடுகிறாள் பெல்லா. அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு புத்தகத்தைச் சற்று நேரம் மூடிவைத்துவிட்டேன். காதல் காட்சிகளில் நூறு முறை அவன் அழகை வருணித்து அலுப்பூட்டும் அதே எழுத்தாளர், ஒரு தந்தையின் நெஞ்சில் எங்கே அடித்தால் வலிக்கும் என்பதையும் இவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறார்.

இனி, மனம் உறுத்திய இடம். பதினான்காம் அத்தியாயத்தில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. வீட்டுச் சாவி இருக்கும் இடத்தை அவன் தானாகவே தெரிந்துவைத்திருக்கிறான். எப்படி என்று கேட்டால், இரவில் அவள் தூங்கும்போது வந்து பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாம். ஏறக்குறைய ஒவ்வோர் இரவுமாம். அவள் தூக்கத்தில் உளறியதையும் கேட்டிருக்கிறான். அவளுக்குக் கோபம் வரவில்லை. உளறலில் தன் மனம் வெளிப்பட்டுவிட்டதே என்ற கூச்சம்தான் வருகிறது. உள்ளுக்குள் மகிழ்ச்சியும் தெரிகிறது. கூடத்தில் சார்லி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, மாடியில் மகளின் அறையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நம் சிங்கப்பூரில் ஒருவரை இப்படிப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2014இல் வந்துவிட்டது. அந்தச் சட்டம் தடுக்க நினைக்கும் செயலை, அதைச் செய்பவன் பேரழகன் என்ற ஒரே காரணத்துக்காக, இந்த நாவல் காதலின் உச்சமாகக் காட்டுகிறது.

இதில் என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். சார்லி சங்கிலி பூட்டியதும் அவள் அறியாமல்தானே? தந்தை செய்தால் அன்பு, காதலன் செய்தால் குற்றம் என்று சொல்வது நியாயமா? பல நாள் இதை மனத்தில் உருட்டிப் பார்த்தேன். சார்லி செய்ததை விடிந்ததும் அவள் கண்ணால் காண முடிகிறது; வேண்டாம் என்றால் கழற்றி எறியவும் முடியும். செய்து முடித்ததும் அவர் அங்கே நிற்கவில்லை, தம் வேலைக்குப் போய்விடுகிறார். எட்வர்டோ, அவள் எதையும் அறியாமல், மறுக்கவும் வழியில்லாமல் கிடக்கும் நேரத்தில் போகாமல் அங்கேயே இருக்கிறான். சின்னவளுக்குப் புரிய வேண்டியது இந்த வேறுபாடுதான். காதலனா தந்தையா என்பதைப் பொறுத்ததன்று அது. ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்ததா என்பதைப் பொறுத்தது.

இரவில் காதலன் வருவது நமக்கு ஒன்றும் புதியதன்று. சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் இரவுக்குறி என்றே ஒரு துறை இருக்கிறது. யானையும் பாம்பும் திரியும் மலைவழியில் நள்ளிரவில் தலைவன் வருவான், வீட்டார் உறங்குவார்கள். தாய்க்கும் தந்தைக்கும் தெரியாத காதலைத்தான் நம் புலவர்கள் அத்தனை பரிவோடு பாடினார்கள். ஆகவே, பெற்றோருக்குத் தெரியாமல் வந்தான் என்பதற்காக நான் எட்வர்டைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தவள் தலைவி. அவள் விழித்திருக்கிறாள். குறுந்தொகையில் பதுமனார் பாடிய தலைவி, நள்ளிரவில் ஊரும் உலகமும் உறங்கத் தான் ஒருத்தி மட்டுமே உறங்காமல் கிடப்பதாகச் சொல்லுவாள். இந்த நாவலில் அது அப்படியே தலைகீழாகிவிட்டது: உறங்கவே உறங்காதவன் அவன், உறங்குபவள் அவள்.

அதைவிடப் பெரிய வேறுபாடு, அங்கே தோழி இருக்கிறாள். வேலிக்கு வெளியே அவன் நிற்கிறான் என்று தெரிந்தே, அவன் காதில் விழும்படி அவள் பேசுவாள்: இந்த வழியில் இரவில் வராதே, இவள் உன்னை நினைத்து அஞ்சியே மெலிகிறாள், காலம் தாழ்த்தாமல் மணந்துகொள் என்பாள். காதலைக் கெடுக்காமல் காதலனைக் கேள்வி கேட்கத் தெரிந்தவள் அவள். பெல்லாவுக்கு அப்படி ஒருத்தி இல்லை. அவள் பள்ளியில் படிக்கும் ஜெசிகா வம்பு பேசுவாள். ஏஞ்சலா நல்லவள், ஆனால் எந்த ரகசியமும் அவளிடம் போவதில்லை. தொலைவில் இருக்கும் தாயிடமும் பெல்லா எதையும் சொல்வதில்லை. ‘நூறு வயது தாண்டியவன் உன் வகுப்பில் வந்து உட்கார்ந்து உன்னைக் காதலிக்கிறான், உன் அறைக்குள் வந்து போகிறான், அவனைப் போலாகிவிட வேண்டும் என்று நீயும் சொல்கிறாய், அப்படியானால் அம்மா அப்பாவை இனி எப்படிப் பார்ப்பாய்?’ என்று கேட்க ஒரு வாய்கூட அந்த நாவலில் இல்லை. கேட்பவன் எட்வர்ட் ஒருவன்தான். அவளைத் தன்னைப் போல் மாற்ற மறுப்பவனும் அவனே. இது அவனுக்குப் பெருமைதான். ஆனால் ஒரு பெண்ணின் உயிர் பற்றிய கேள்வியை அவளை நேசிப்பவன் மட்டுமே கேட்க வேண்டியிருக்கும் நிலையை நான் ஆபத்தானதாகவே கருதுகிறேன்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் குவிலெயூட் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் கற்பனை அல்லர். லா புஷ் என்ற கடற்கரை ஊரில் இன்றும் வாழ்பவர்கள். ஓநாயிலிருந்து தாங்கள் தோன்றியதாக அவர்களிடம் உண்மையாகவே ஒரு தொல்கதை உண்டு. அதன் மேல் எழுத்தாளர் தம் கற்பனையை ஏற்றியிருக்கிறார். தன் பாட்டன் பூட்டன் கதையை யாரோ ஒருவர் எடுத்து மாற்றி உலகம் முழுவதும் விற்றால் எப்படி இருக்கும் என்று சின்னவள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே, புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். மறைத்து வைத்தால் நூலகத்தில் எடுப்பாள், இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் படிப்பாள். அப்போது அவளும் பெல்லாவைப் போலவே தனியாகத்தான் இருப்பாள். நீ செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு பேசும்போது எந்த அத்தியாயத்தில் இருக்கிறாள் என்று கேட்டுக்கொள்; நீயும் அங்கே ஒரு பிரதி வாங்கிக் கூடவே படி. நான் கேட்டால் பாடம் நடத்துகிறேன் என்று நினைப்பாள். சித்தப்பாவோ சித்தியோ கேட்டால் வாயே திறக்க மாட்டாள். நீ அதே வயதில் அதே புத்தகத்தில் கிறங்கிக் கிடந்தவள் என்பது அவளுக்குத் தெரியும். உன்னிடம் மனம் விட்டுப் பேசுவாள். எட்வர்டைக் குறைசொல்லித் தொடங்காதே. அவளுக்கு அவனிடம் பிடித்ததை எல்லாம் முதலில் சொல்லவிடு. நீயும் உனக்குப் பிடித்ததைச் சொல். பதினான்காம் அத்தியாயம் முடிந்த பிறகு, ‘உன் அறையில் அப்படி ஒருவன் இருந்திருந்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும்?’ என்று மட்டும் கேள். பதிலை நீ எடுத்துக் கொடுக்காதே.

அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்கும் எழுது. இரண்டாம் பாகத்தை அவளாகக் கேட்கும்வரை கொடுக்கப் போவதில்லை. அதில் அவன் பிரிந்து போனதும் பெல்லா மாதக்கணக்கில் தன்னையே இழந்து கிடக்கிறாள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதையும் நான் முதலில் படித்துவிடுகிறேன். உன் அலமாரியின் மேல்தட்டில் இருப்பது அதுதானே?

அன்புடன்,
அப்பா