மதுரைக் காவல் நிலையங்களை ராணுவமயமாக்க வேண்டாம்: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
வைகை வடகரைக் குடியிருப்பு மக்களுக்காக,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மதுரை.
(பெயர், முகவரி கையொப்பத் தாளில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்ட நடுவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை – 625 020.
(திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுக்கப்பட்டது)

பொருள்: உள்ளூர்க் காவல் பணியில் ராணுவ பாணி ஆயுதமும் உடுப்பும் பழக்கமும் கூடிவருவது – அதற்கு வரம்பு வைக்கவும் மக்களுக்குக் கணக்குச் சொல்லவும் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். என் தம்பி ஆயுதப்படையில் காவலராகச் சேர்ந்து, தலைமைக் காவலராக ஓய்வுபெற்றவன். காவலர் வீட்டு வாழ்க்கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு அவன் வீட்டில் இருந்ததில்லை. சித்திரைத் திருவிழாவில் தன் பிள்ளையைத் தோளில் தூக்கி அழகரைக் காட்டியதில்லை. அந்தக் காக்கி உடுப்புமேல் எனக்கு மரியாதை உண்டு. அது மாறிக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை எங்கள் பகுதியில் கொடி அணிவகுப்பு நடந்தது. அன்று எங்கள் தெருவில் சண்டை இல்லை, கூட்டம் இல்லை, தேர்தலும் இல்லை. புள்ளி போட்ட பச்சை உடுப்பு, தலைக்கவசம், கண் மட்டும் தெரிகிற கறுப்பு முகமூடி. நீளத் துப்பாக்கியை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி இரண்டு வரிசையாக வந்தார்கள். பின்னால் கலவரத்தை அடக்கும் வஜ்ரா வண்டி. என் வீட்டுத் திண்ணையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு குழந்தை, "தாத்தா, சண்டை வந்துருச்சா?" என்று கேட்டது. இல்லையம்மா, நம்மைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்றேன். அது நம்பவில்லை. என் சட்டையைப் பிடித்த கையை, கடைசி வண்டி போகும்வரை எடுக்கவில்லை.

அந்த வரிசையில் எங்களுக்குத் தெரிந்த காவலர் ஒருவரும் இருந்தார். நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ரோந்து வரும்போது பைக்கை நிறுத்தி, "என்ன சார், பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர். அன்று திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் கேட்டபோது, "அந்த டிரஸ்ஸைப் போட்டா அப்படித்தான் சார் நடக்கணும்" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

ஐயா, காவலரையும் ராணுவ வீரரையும் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆம் பிரிவுப்படி, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் பொறுப்பு நிர்வாக நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உரியது. அதிலும் முடியாமல் ராணுவத்தைக் கூப்பிட வேண்டுமானால் 149-ஆம் பிரிவு. அதற்கு மாவட்ட நடுவராகிய நீங்களோ, நீங்கள் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரோ அந்த இடத்தில் இருந்து சொல்ல வேண்டும். அப்படி வருகிற ராணுவமும் முடிந்தவரை குறைந்த பலத்தையே காட்ட வேண்டும், ஆளுக்கும் சொத்துக்கும் முடிந்தவரை குறைந்த சேதமே வர வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129, 130 என்று இருந்தவைதான் இவை.

ஆக, ராணுவம் ஊருக்குள் வர ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் துப்பாக்கி இல்லாத ஒரு அதிகாரியைச் சட்டம் நிறுத்தியிருக்கிறது. ராணுவத்தின் துப்பாக்கியும் உடுப்பும் நடையும் காவல் நிலையத்துக்கே வந்துவிட்டால், அந்த வாசல் இருந்தும் பயனில்லை. யாரும் உங்களிடம் கேட்க வேண்டிய தேவையே வராது. எங்கள் கவலை இதுதான்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், மக்கள் போனது ஆட்சியர் அலுவலகத்துக்கு, இதைப்போல ஒரு மனுவோடு. அன்றும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் செத்துப்போனார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த ஒரு பெண்ணும் அதில் உண்டு. சாதாரண உடையில் இருந்த காவலர் ஒருவர் வேன் கூரைமேல் ஏறித் துப்பாக்கியால் குறிபார்த்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அன்று பயன்பட்டவற்றில் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும் இருந்தது. அது நம் ராணுவம் எல்லைக்குக் கொண்டுபோன 7.62 மி.மீ. துப்பாக்கி, பல நூறு மீட்டர் தள்ளி நிற்கிறவரைக் கொல்வதற்காகச் செய்தது. தெருவில் கல்லெறிகிறவரைக் கலைக்க அதைக் கையில் கொடுத்தால், அந்தத் துப்பாக்கிக்குத் தெரிந்த வேலையைத்தான் அது செய்யும்.

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-ல் கொடுத்த அறிக்கை, தப்பியோடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள் என்று சொல்கிறது. காவல்துறையினர் 17 பேர்மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கிறது. இந்த மனுவை உங்களிடம் கொண்டுவந்ததற்கு வேறொரு காரணமும் அதில் இருக்கிறது. சுட உத்தரவு கொடுத்தவர்கள் என்று முதல் தகவல் அறிக்கைகளில் வந்தவர்கள் துணை வட்டாட்சியர்கள். நிர்வாக நடுவர் பொறுப்பில் நின்ற வருவாய்த் துறைக்காரர்கள், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களைப் போன்றவர்கள். அன்று ஆட்சியர் ஊரில் இல்லாமல் கோவில்பட்டியில் இருந்ததையும் ஆணையம் குறையாகச் சொல்கிறது. பட்டா மாறுதலும் சாதிச் சான்றிதழும் பார்க்கிற ஒருவரை, ஒரே நாளில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவரால் என்ன செய்ய முடியும்? வேண்டாம் என்று சொல்ல அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

எங்கள் அப்பத்தா பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகைச் சட்டத்தை, அதாவது குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களைக் காவல்படை சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அதில் ஒருவர். அப்பத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது, போலீஸ் என்று சொல்ல மாட்டார், "பட்டாளம் வந்தது" என்றுதான் சொல்வார். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் போலீஸும் பட்டாளமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அதை மாற்றி, ஸ்டேஷனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுக்கலாம் என்ற நிலைக்கு வர மூன்று தலைமுறை ஆனது. அந்தக் குழந்தை என் சட்டையைப் பிடித்தபோது எனக்கு அப்பத்தாவின் சொல்தான் நினைவுக்கு வந்தது.

மதுரைக் காவலர்களுக்குக் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாதா? அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் லட்சக்கணக்கான ஜனத்தை அவர்கள் எதை வைத்துப் பிடித்து நிறுத்துகிறார்கள்? வடக்கயிறு, விசில், தொண்டை கிழியக் கத்தும் குரல். 2022-ல் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள், உண்மைதான். அதற்கும் மருந்து தடுப்புக் கம்பியும் ஒழுங்கான வழித்தடமும்தான். அப்புறம் 2025 ஜனவரி 7. டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆயிரக்கணக்கில் நடந்தே மதுரைக்கு வந்தார்கள். பெண்கள், வயசாளிகள், கைக்குழந்தைக்காரிகள். ஒரு குண்டும் வெடிக்காமல் தல்லாகுளம் வந்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. அவர்கள்மேல் போட்ட வழக்குகளைத் தமிழக அரசும் திரும்பப் பெற்றது. அன்று ரோட்டில் நின்ற காவலர்கள் பொறுமையாக இருந்தார்கள். அந்தப் பொறுமைக்கு என் நன்றியை இந்த மனுவிலேயே பதிவு செய்கிறேன்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ராணுவத்தில் மிஞ்சும் தளவாடங்களை உள்ளூர்க் காவல்துறைக்குக் கொடுக்கும் '1033 திட்டம்' 1990-களிலிருந்து நடக்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்காகச் செய்த கண்ணிவெடி தாங்கும் வண்டிகள்கூடச் சின்னச் சின்ன ஊர்களின் காவல் நிலையத்துக்கு வந்து நின்றன. 2014 ஆகஸ்டில் ஃபெர்குசன் என்ற ஊரில் ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றதும் போராட்டம் வெடித்தது. ஏறக்குறைய 21,000 பேர் வாழும் அந்த ஊர்த் தெருவில் கவச வண்டிமேல் துப்பாக்கியோடு காவலர் நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. மறுவருடம் அதிபர் ஒபாமா அந்தத் தளவாடங்களில் சிலவற்றுக்குத் தடை போட்டார். 2017-ல் டிரம்ப் அரசு அதை எடுத்துவிட்டது. ஒருமுறை உள்ளே வந்த ஆயுதத்தை வெளியே அனுப்புவது அவ்வளவு கஷ்டம். நம் ஊரில் அது முழுதாக வந்து சேரும் முன்பே கேட்டுக்கொள்கிறோம்.

நவீனமயமாக்கலுக்கு நாங்கள் எதிரி இல்லை. 2021–22 முதல் 2025–26 வரையான காவல்படை நவீனமயமாக்கல் பெருந்திட்டத்துக்கு ஒன்றிய அரசு 26,275 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. தடயவியல் கூடத்துக்கு அதில் பணம் போனால் மகிழ்ச்சி. ஸ்டேஷனில் பெண் காவலர்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டினாலும் மகிழ்ச்சி. அந்தப் பணத்தில் மதுரைக்கு என்ன வந்தது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். ஆகவே முதல் கோரிக்கை இது: மாநகரத்திலும் மாவட்டத்திலும் உள்ள நீளத் துப்பாக்கிகள், கண்ணீர்ப்புகை, வஜ்ரா, தண்ணீர் பீய்ச்சும் வருண் போன்ற வண்டிகள், ட்ரோன்கள் ஆகியவற்றின் வகையும் எண்ணிக்கையும், கடைசி ஐந்து வருடத்தில் வாங்கியவற்றின் செலவும் வருடத்துக்கு ஒருமுறை ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எந்த அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்தது, எங்களுக்கு மிக முக்கியமானது. மனு கொடுக்க வரும் கூட்டம், அனுமதி பெற்ற ஆர்ப்பாட்டம், பள்ளி கல்லூரி வாசல், சாதாரணத் தெரு ரோந்து, இங்கெல்லாம் ராணுவ வகைத் துப்பாக்கி கண்ணில் படக் கூடாது. நிஜமாகவே ஆயுதக் கும்பல் இருக்கிறது என்றால் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வரட்டும், யாரும் குறுக்கே நிற்க மாட்டோம். மற்ற நாளில் அவை ஆயுதக் கிடங்கிலேயே இருக்கட்டும். முகமூடி, புள்ளி உடுப்பு வேண்டாம். காக்கியும் பெயர்ப்பட்டையும் போதும். கைது செய்யும் காவலர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி, தனிப்படை விசாரணையில் உயிரிழந்தார். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில்தான் அது நடந்தது. அதன் பிறகு அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்க மாநிலக் காவல்துறைத் தலைமையே உத்தரவிட்டது. அந்த உத்தரவு நம் மாவட்டத்தில் எப்படி நடக்கிறது என்று நீங்கள் அறிக்கை கேட்டு வாங்க வேண்டும்.

வட்டாட்சியர்கள், துணை வட்டாட்சியர்களுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது இதற்கென்று பயிற்சி வேண்டும். கூட்டம் கூடும் இடத்துக்கு யார் நடுவராக வருகிறார் என்று முன்கூட்டியே பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். அவர் ஒலிபெருக்கியில் எச்சரித்த நேரமும் வார்த்தைகளும் வீடியோவில் பதிவாக வேண்டும். அவர் முடியாது என்று சொன்னால் அந்த முடிவுக்கு நீங்கள் துணை நிற்பீர்கள் என்பதை எழுத்திலேயே கொடுக்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டு தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டப்படி மாவட்டக் காவல் புகார் ஆணையத்துக்கு ஆட்சியர்தான் தலைவர். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் எங்கள் விருப்பமும். சரி, அது அரசு செய்ய வேண்டியது, இந்த வேண்டுகோளை நீங்கள் உள்துறைக்கு அனுப்பினால் போதும். அதுவரை அந்த ஆணையம் எங்கே உட்காருகிறது, எந்தக் கிழமை புகார் வாங்குகிறது என்று ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் தமிழில் எழுதி வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, காவலர்களுக்காகவும் ஒன்று. வார ஓய்வு தர 2021-ல் அரசாணை வந்தது. எங்கள் பகுதிக் காவலர்கள் அதைத் தொடர்ந்து எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. பதினாறு மணி நேரம் நின்ற மனிதர் கையில் எந்த ஆயுதம் இருந்தாலும் அது அவருக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து. ஒரு கவச வண்டி வாங்கும் காசில் எத்தனை காலியிடத்தை நிரப்பலாம் என்று மாநகரக் காவல் ஆணையரோடும் மாவட்டக் கண்காணிப்பாளரோடும் பேசும்போது கேளுங்கள்.

இந்த மனுவுக்கான ஒப்புகைச் சீட்டையும், எடுக்கும் நடவடிக்கை பற்றிய பதிலையும் எழுத்தில் தர வேண்டுகிறோம். நேரில் விளக்கம் வேண்டுமென்றால் எந்த நாளில் கூப்பிட்டாலும் வருகிறோம். என் திண்ணையில் வாய்ப்பாடு படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள் பலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்களும் வருவதாகச் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வைகை வடகரைக் குடியிருப்பு மக்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள்.
நகல்: மாநகரக் காவல் ஆணையர், மதுரை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மதுரை, உள்துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை.