அந்தக் கட்டைவிரல் ரேகை

அன்பு மகளுக்கு,

நீ பார்க்கச் சொன்ன 'தி லைஃப் ஆஃப் டேவிட் கேல்' படத்தை நேற்றிரவு நானும் அம்மாவும் பார்த்தோம். மரண தண்டனைக்கு எதிராக இவ்வளவு துணிந்து பேசும் படத்துக்கு உங்கள் சிகாகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். இல்லையம்மா, நான் அவர் பக்கம்தான்.

ஈபர்ட் மரண தண்டனையை எதிர்த்தவர். அதனால்தான் அவருக்கு அத்தனை கோபம். கேட் வின்ஸ்லெட், லாரா லின்னி நடிப்பில் எனக்குக் குறையே இல்லை. கடைசி வீடியோ நாடாதான் என்னைத் தூங்கவிடவில்லை. மரண தண்டனையை எதிர்த்துப் போராடும் பேராசிரியர் கேலின் தோழி கான்ஸ்டன்ஸ் தரையில் கிடக்கிறாள், தலையைப் பிளாஸ்டிக் பை மூடியிருக்கிறது. கேல் அந்தப் பையின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்க்கிறான். ரேகை பதிய வேண்டும் என்பதற்காகவே! நிரபராதியையும் அரசு கொன்றுவிடும் என்று காட்டுவதற்காக, அவளுடைய தற்கொலையைக் கொலையாக ஜோடித்துத் தானே மாட்டிக்கொள்கிறான்.

நாமே பொய்த்தடயம் வைத்து, நாமே உண்மையை மறைத்து, அதை நம்பிய நீதிமன்றத்தைக் கைகாட்டினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? தண்டனையை எதிர்ப்பவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று சொல்ல மற்றவர்களுக்கு வாய்ப்பல்லவா கொடுத்தோம்? ஈபர்ட்டும் இதைத்தான் சொன்னார்.

நீ இருக்கும் இல்லினாய் மாநிலத்தையே எடுத்துக்கொள். 1977இல் மரண தண்டனை மறுபடி சட்டமானபின் அங்கே 12 பேருக்கு அது நிறைவேறியது. அதே காலத்தில் மரண தண்டனை பெற்றிருந்த 13 பேர், தீர்ப்பு தவறென்று விடுவிக்கப்பட்டார்கள். பன்னிரண்டுக்குப் பதின்மூன்று! தண்டனையை ஆதரித்துவந்த ஆளுநர் ஜார்ஜ் ரயானே ஆடிப்போய் 2000இல் அதை நிறுத்திவைத்தார். 2003 ஜனவரியில் 167 பேரின் மரண தண்டனையைக் குறைத்தார். அடுத்த மாதம் இந்தப் படம் திரைக்கு வந்தது. அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவர்கூட விரும்பிப் போய் மரண தண்டனைக் கைதிகளின் அறையில் உட்காரவில்லை, அம்மா. அவர்கள் கதையை விட்டுவிட்டு, புத்திசாலிப் பேராசிரியர் ஒருவர் திட்டம்போட்டுச் சாகிற கதையை எடுத்திருக்கிறார்களே என்றுதான் மனம் ஆறவில்லை.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. விளக்கை அணைத்த பிறகு ஒன்றுதான் கேட்டாள். ஸ்பெயினில் தாயோடு இருக்கும் கேலின் சின்ன மகன், அப்பா வேண்டுமென்றே தன்னை விட்டுப் போனார் என்று பின்னால் தெரிந்துகொண்டால் என்ன ஆவான்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீ எழுது.

அன்புடன்,
அப்பா